மொட்டை மாடியில் வெயில், ஓடுபாதையில் பனி

கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. ஒரு கையால் பட்டு வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றிருந்தேன். காலை ஏழே கால் மணி. கீழே என் இளைய மகள் திவ்யாவுக்குக் கல்யாணம்.

சமையல்கட்டிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை மேலே வந்தது. நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "பொண்ணோட அப்பா எங்கப்பா?" என்று யாரோ மூன்றாவது முறையாகக் கேட்டார்கள்.

என் மனைவி மஞ்சுளா மாடிப்படியில் பாதி ஏறி வந்து நின்றாள். கையில் குங்குமச் சிமிழ், முகத்தில் ராத்திரி தூங்காத களைப்பு.

"என் தம்பி எங்க இருக்கான்?"

"இருநூறு மீட்டர்" என்றேன். "ரன்வேல முந்நூத்தம்பது."

"உங்க மீட்டரைக் கொண்டுபோய் குப்பையில போடுங்க. என் தம்பி எங்கன்னு கேட்டா அதுக்கு பதில் சொல்லுங்க."

"மேல சுத்திக்கிட்டு இருக்கான்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஓசூர் வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப் போனேன். அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமா வராமல் மணை இல்லை

அவள் தம்பி முனிராஜ், எனக்கு மச்சான். விசாகப்பட்டினத்தில் ஒரு ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற நேரம் என்பதால் வியாழக்கிழமை இரவு வரை அவரை விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை முதல் விமானத்தில் ஏறி ஏழு பத்துக்கு பெங்களூரில் இறங்கவேண்டும். அங்கிருந்து ஓசூர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரைக்கு ராகுகாலம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அவர் வந்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணவறையில் உட்காருவாள். அவர் வரமுடியாவிட்டால் மாமன் முறையில் வேறு யாராவது நிற்பதும் உண்டு. ஆனால் திவ்யா நிச்சயதார்த்தத்தன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அக்கா கல்யாணத்துல யாரையோ நிக்க வெச்சீங்க. என் கல்யாணத்துக்கு மாமா வரணும். வரலைன்னா நான் ரூமை விட்டு வரமாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். பிடிவாதம் என்னிடமிருந்து போனது, வேறு யாரைக் குறை சொல்ல?

மைக்ரான்

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் முடியெல்லாம் நரைக்கும் வரை இருந்தேன். வரைபடத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். இரண்டு மைக்ரான் கூடினாலும் நான் விடமாட்டேன். அதனால் எனக்கே மைக்ரான் என்றுதான் பட்டப்பெயர்.

தொழிற்சாலைகளில் டீவியேஷன் என்று ஒரு தாள் உண்டு. அளவு கொஞ்சம் தவறியிருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு தடவை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. மாதக் கடைசியில் சரக்கு போகவேண்டும் என்றால் உற்பத்திப் பிரிவுக்காரர்கள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வருவார்கள். கெஞ்சுவார்கள், கத்துவார்கள், டீ வாங்கித் தருவார்கள். டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்துவிடுவேன்.

இவ்வளவு கறாரான மனுஷன் ஒரு விஷயத்தை மட்டும் அளக்காமல், கருவி வைத்துப் பார்க்காமல், மொட்டை மாடியில் நின்று கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லமுடியாது.

எந்தப் பனிடா?

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு. மூத்த மகள் சுகன்யாவின் கல்யாணம். அதுவும் தை மாதம்தான். முனிராஜ் அப்போதும் விடிகாலை விமானத்தில்தான் வருவதாக இருந்தது. முகூர்த்தம் நெருங்கியும் ஆளைக் காணோம். போன் அணைந்து கிடந்தது. மஞ்சுளா அழுதுகொண்டே ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை மாமன் முறைக்கு நிற்கவைத்தாள். தாலி கட்டி முடிந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு போன் வந்தது. "மாமா, பெங்களூர்ல பயங்கர பனி. பிளைட்டைச் சென்னைக்குத் திருப்பிட்டாங்க. அங்கிருந்து பஸ்ஸு புடிச்சேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்."

காலையிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளெல்லாம் என் மண்டையில் ஏறியிருந்தன. மண்டபத்து மாடியில் நின்று காலையில் நானே பார்த்திருந்தேன். நல்ல வெயில். தூரத்து மரத்தில் காக்காய் உட்கார்ந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"எந்தப் பனிடா? ஓசூர்ல வெயில் காயுது. வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லு, எதுக்குப் பொய்?"

பஸ் நிலையத்தில் ஓசூர், ஓசூர் என்று கத்துகிற குரல் மட்டும் கேட்டது. பிறகு அவர் சரி மாமா என்றார். கிருஷ்ணகிரியிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. மஞ்சுளாவும் அவரோடு பேசவில்லை. "உன் தம்பி பொய் சொன்னான்" என்று நான் சொன்னதை அவள் நம்பினாளோ, நம்பித் தொலைத்தாளோ, தெரியாது. திவ்யாவின் நிச்சயம் முடிந்த அன்றுதான், திவ்யா வற்புறுத்தி, அக்காவும் தம்பியும் மறுபடி போனில் பேசினார்கள். இருவரும் அழுததில் பாதி என்ன பேசினார்கள் என்றே புரியவில்லை.

மாதேஷ் வைத்த பாடம்

ஜூஜுவாடியில் டாக்ஸி வைத்திருக்கும் மாதேஷ் பெங்களூர் விமான நிலையத்துக்குத் தினமும் ஓட்டுகிறவன். முனிராஜை அழைத்து வர அவனைத்தான் ஏற்பாடு செய்தேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு பேசப் போனபோது, "சார், தை மாசம், காலை பிளைட்டு, பனி பாத்துக்கணும்" என்றான்.

"நான் தினமும் காலைல மாடியில நின்னு பாத்துடறேன்" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் எனக்குக் கடுப்பு வந்தது. "உங்க மாடி ஓசூர்ல இருக்கு சார். பிளைட்டு இறங்கறது தேவனஹள்ளியில. நடுவுல ஒரு பெங்களூரே இருக்கு. இங்க காஞ்சா அங்க காயணும்னு எந்த ஊரு சட்டம்?"

பிறகு போனில் ஒரு வரியைக் காட்டினான். விமான நிலையத்திலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை வெளியாகும் வானிலை அறிக்கையாம். பார்த்தால் எழுத்தும் எண்ணும் ஒட்டிக் கிடக்கிற ஒரு குப்பை. இதைக் கண்டுபிடித்தவன் மனுஷனுக்குப் படிப்பதற்காகக் கண்டுபிடிக்கவில்லை என்று இப்போதும் சொல்வேன்.

முதலில் நேரமே உதைத்தது. காலை ஏழு மணி அறிக்கையில் ஒன்றரை என்று போட்டிருந்தது. "ராத்திரி ஒன்றரை மணி சமாச்சாரத்தை இப்போ போட்டிருக்கானே, சோம்பேறி" என்று திட்டினேன். மாதேஷ் தலையில் அடித்துக்கொண்டான். உலகம் பூராவும் விமானக்காரர்களுக்கு ஒரே கடிகாரமாம், நம் நேரத்துக்கு அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டவேண்டுமாம். ஓசூரில் இருந்துகொண்டு நான் எதற்குக் கண்காணாத ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும்? ஆனாலும் கூட்டிக்கொண்டேன்.

அடுத்தது காற்று. அடுத்தது நான்கு இலக்கத்தில் ஒரு எண், எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. அதோடு விட்டார்களா? ஓடுபாதைக்கு என்று தனியாக இன்னொரு எண். பாதையோரத்தில் கருவி வைத்து, விமானிக்கு விளக்கு எவ்வளவு தூரம் வரை தெரியும் என்று கணக்கிட்டுச் சொல்வது. இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒன்று இருநூறு என்றால் இன்னொன்று முந்நூற்றைம்பது என்று நிற்கும். கீழே இறங்க அனுமதி உண்டா இல்லையா என்பதை இந்த இரண்டாவது எண்தான் தீர்மானிக்குமாம்.

வெப்பநிலையும், காற்றின் ஈரம் பனியாக மாறத் தொடங்கும் சூடான பனிநிலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பதினைந்து, பதினைந்து என்று இரண்டும் ஒன்றாகிவிட்டால் மூடுபனி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டும் விலக விலகப் பனி கலையும். இது மட்டும் எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது.

"சரி, எவ்வளவு இருந்தா இறக்குவான்?"

"அதுக்கு ஒரே பதில் கிடையாது சார். பிளைட்டுக்கு ஒரு அளவு, பைலட்டுக்கு ஒரு அளவு, ரன்வேக்கு ஒரு அளவு. மூணுல எது கறாரோ அதுதான் செல்லும். விசேஷ ட்ரெயினிங் எடுத்த பைலட்டுன்னா ரொம்பக் கம்மியிலயும் இறக்குவாரு. சாதா அளவுன்னா ஐநூத்தம்பது மீட்டர். உங்க மச்சான் வர்றது அந்தச் சாதா அளவு பிளைட்டு."

ஐநூற்றைம்பது. அதைக் காலண்டரில் எழுதி வைத்தேன்.

பழைய தாள்

தினமும் காலையில் மாடிக்குப் போவேன். ஓசூரைக் கண்ணால் பார்ப்பேன், தேவனஹள்ளியை போனில் பார்ப்பேன். ஒரு நாள் இங்கே எதிர்வீட்டு முருங்கை மரமே தெரியவில்லை, அங்கே ஆறாயிரம் மீட்டர். மறுநாள் இங்கே வெயில் பல்லைக் காட்டியது, அங்கே நூற்றைம்பது மீட்டர்.

அந்த மறுநாள்தான் எனக்குச் சுகன்யாவின் கல்யாணக் காலை ஞாபகம் வந்தது.

பழைய அறிக்கைகளையும் தேடி எடுக்கலாம் என்று மாதேஷ் சொல்லியிருந்தான். சுகன்யாவின் கல்யாணத் தேதியைப் போட்டுத் தேடினேன். வந்தது. காலை ஏழு மணிக்கு நூறு மீட்டர். ஏழரைக்கு நூறு. எட்டு மணிக்கு நூற்றைம்பது. மூடுபனி, மூடுபனி, மூடுபனி.

மனுஷன் பொய் சொல்லவில்லை. நான்தான் ஒரு கருவியும் வைத்துப் பார்க்காமல் அவரைக் கழித்துப் போட்டிருக்கிறேன்.

மஞ்சுளாவிடம் சொல்லியிருக்கவேண்டும். அன்றே சொல்லியிருக்கவேண்டும். கல்யாண வேலை, பத்திரிகை வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். உண்மையைச் சொல்வதென்றால் பயம்.

ஐம்பது மீட்டர்

மறுபடி கல்யாண மாடிக்கு வருகிறேன். ஏழரை மணி அறிக்கை வந்தது. ஓடுபாதையில் நானூற்றைம்பது. ஏழே முக்காலுக்கு மாதேஷ் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான்.

"சார், நடுவுல ஸ்பெஷலா ஒரு அறிக்கை விட்டிருக்காங்க, ஐநூறு ஆயிடுச்சு. டென்ஷன் பேடா, கவலைப்படாதீங்க. ஏறிக்கிட்டே இருக்கு."

"ஐநூறுதானே! இன்னும் அம்பதுதான் பாக்கி. இறக்கச் சொல்லு!"

"யாரு, நானா? நான் டாக்ஸி ஸ்டாண்டுல நிக்கறேன் சார்."

"வேற பிளைட்டெல்லாம் இறங்குதாமே, போன்ல காட்டுதே!"

"அவங்களுக்கு அளவு வேற சார். சொன்னேன்ல?"

"அம்பது மீட்டர்டா மாதேஷ்! நம்ம தெரு நீளம்கூட இல்ல. பெரிய ஆபீசர் யாராவது ஒரு டீவியேஷன் போட்டுக் கொடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

மாதேஷ் நிதானமாகப் பேசினான். "சார், நான் டாக்ஸிக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க கம்பெனியிலதான் காண்ட்ராக்ட்ல மெஷின் ஓட்டினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டு மைக்ரானுக்கு என் லாட்டு பூராவையும் ரிஜெக்ட் பண்ணீங்க. சூப்பர்வைசர் டீவியேஷன் கேட்டாரு. 'இன்னிக்கு ரெண்டு விட்டா நாளைக்கு நாலு விடுவ, ஓட்டறவன் உயிருக்கு யாரு பதில் சொல்றது'ன்னு கேட்டீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தான் சொன்னீங்க. அந்த பிளைட்டுக்குள்ள உங்க மச்சான் இருக்காரு சார்."

போனை வைத்துவிட்டேன்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு விமானம் சென்னைக்குத் திரும்பிவிட்டது. எரிபொருளைக் கணக்குப் பண்ணி, இதற்கு மேல் சுற்றமுடியாது என்று போய்விட்டார்கள். விமான நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. எட்டரை மணி அறிக்கையைப் பாருங்கள், ஆயிரத்தைந்நூறு மீட்டர்! அரை மணி நேரம், வெறும் அரை மணி நேரம். பனிக்குத்தான் கண்ணில்லை என்றால் என் ஜாதகத்துக்கும் இல்லை. தொட்டியை எட்டி உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது.

மண்டபத்தில் தீர்ப்பு

ஒன்பதேகாலுக்குச் சென்னையிலிருந்து விமானம் மறுபடி கிளம்பியது என்று மாதேஷ் சொன்னான். பத்து மணி வாக்கில் பெங்களூரில் இறங்கும். எப்படி விழுந்தடித்து ஓட்டினாலும் ஓசூருக்குப் பன்னிரண்டு தாண்டிவிடும்.

கீழே மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்துவிட்டார். திவ்யா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே மாலைத் தட்டு மட்டும் காத்திருந்தது.

சம்பந்தி கோவிந்தப்பா கிருஷ்ணகிரிக்காரர். மாந்தோப்பு, நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரம். என்னை ஓரமாக அழைத்தார்.

"என்ன சம்பந்தி, பொண்ணு மாமன் பனியில மாட்டிக்கிட்டாருன்னு சொல்றாங்களே. எந்தப் பனி? வெளியில வந்து பாருங்க, நல்லா வெயில் காயுது. அவருக்கு வர இஷ்டமில்லையோ என்னமோ. வேற யாரையாவது நிக்க வெச்சு முடிச்சிடலாமே."

என்னுடைய அதே வார்த்தைகள். ஏழெட்டு வருஷம் கழித்து வேறு வாயிலிருந்து என்னிடமே வந்தன. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"சம்பந்தி, இதேதான் நான் சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பெரியவ கல்யாணத்துல அவரு பனின்னாரு. நான் மாடியில நின்னு வெயிலைப் பாத்துட்டு, பொய் சொல்றாருன்னு சொல்லி கிருஷ்ணகிரியோட திருப்பி அனுப்பிட்டேன். அன்னிக்கு அறிக்கையை இப்போ எடுத்துப் பாத்தேன். நூறு மீட்டர்தான் இருந்திருக்கு. அவரு சொன்னது சத்தியம். நான்தான் முட்டாப்பய. மறுபடியும் அந்தத் தப்பைப் பண்ண என்னால ஆகாது."

திரும்பினால் மஞ்சுளா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"எப்போ எடுத்துப் பாத்தீங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"இத்தனை வருஷம் தெரியாம இருந்தீங்க, அது போகட்டும்" என்றாள். "ரெண்டு வாரமா தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா?"

நான் போனை மடியில் செருகினேன்.

கோவிந்தப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மணவறைப் பக்கம் திரும்பி, "ஐயரே, இதை விட்டா அடுத்த நேரம் எது?" என்றார்.

புரோகிதர் பஞ்சாங்கத்தை எடுத்தார். "பத்தரைக்கு மேல ராகுகாலம், ஒரு நிமிஷம்கூட அதுக்குள்ள போகக்கூடாது. ஆனா அபிஜித் முகூர்த்தம் இருக்கு. பன்னெண்டு பத்துலேர்ந்து பன்னெண்டு அம்பது வரைக்கும். தோஷமில்லை, தாராளமா பண்ணலாம்."

விமானத்துக்குச் சென்னை மாதிரி எங்களுக்கும் ஒரு மாற்று நேரம் கிடைத்தது. என் மகளின் அதிர்ஷ்டம் என்று சொல்லமாட்டேன், கோவிந்தப்பாவின் மனசு. "காத்திருக்கலாம் சம்பந்தி" என்றார். "மாங்காய் லோடு நாள் கணக்கா ரோட்டுல நின்னதையெல்லாம் பாத்தாச்சு. ஒரு ரெண்டு மணி நேரம்தானே."

தாலி கட்டும் முன்பே பந்தி போட்ட கல்யாணம் ஓசூரில் எங்களுடையதாகத்தான் இருக்கும். இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் எத்தனை பேர்! பாயசம் இன்னும் கொதிக்கிறது என்று சமையல் மாஸ்டர் என்னைத் திட்டினார். நானும் திட்டினேன். கடைசியில் ரசம் வரைக்கும் பரிமாறினார்கள்.

பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த சுகன்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை.

"அப்பா, என் கல்யாணத்துக்கும் இப்படிக் காத்திருந்திருக்கலாமே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த டம்ளரில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அவ்வளவு வலித்ததில்லை.

பன்னிரண்டு இருபது

பெங்களூர் நெரிசலுக்குள் போகாமல் மாலூர் வழியாக மாதேஷ் எப்படி ஓட்டினானோ, பன்னிரண்டு இருபதுக்கு வண்டி மண்டப வாசலில் நின்றது. முனிராஜ் இறங்கினார். முன் தலையில் முடி கொட்டியிருந்தது, மீசை நரைத்திருந்தது. விமானத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து சட்டை கசங்கியிருந்தது. மஞ்சுளா ஓடிப்போய் அவர் தோளில் நான்கு அடி அடித்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். என்ன பேசவேண்டும் என்று பத்து மணியிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவர் என்னிடம் வந்தார். நெற்றிக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். உச்சி வெயில். படிக்கல் என் காலைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா" என்றார். "ஓசூர்ல வெயில் காயுது போல?"

சுற்றி நின்றவர்கள் விஷயம் தெரியாமல் சிரித்தார்கள். அந்த வார்த்தைகளை அவர் மறக்கவேயில்லை என்று எனக்கு மட்டும் புரிந்தது.

"இல்ல மச்சான்" என்றேன். "பனி. பயங்கர பனி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவர் என் கண்ணாடியைக் கழற்றி, தன் கைக்குட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார். "இப்போ தெரியுதா பாருங்க. நேரமாகுது, வாங்க."

மாலைத் தட்டை எடுத்துக்கொண்டு திவ்யாவை அழைத்து வரக் கிளம்பினார். வழியில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற சுகன்யாவைப் பார்த்ததும் நின்றார். குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு தங்கையின் அறைக்குப் போனார்.